குறைந்த நான்கு கோடி யாருடையது?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குப் போகிறார், சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்சுக்கு வருகிறார் என்ற அறிவிப்பு அன்று வெளியானது. சேப்பாக்கத்தில் மட்டுமல்ல, சிங்கப்பூரின் தேக்காவிலும் செங்காங்கிலும் மஞ்சள் சட்டை வைத்திருப்பவர்களுக்கு அது மனம் ஒப்பாத செய்தி. 2023 ஐபிஎல் இறுதியாட்டம் அகமதாபாத்தில் நள்ளிரவு தாண்டி முடிந்தபோது சிங்கப்பூரில் விடியற்காலை ஆகிவிட்டிருந்தது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டும். ஜடேஜா அடித்தது ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. கோப்பையை வாங்கிக் கொடுத்த அந்தக் கைகளை எப்படி அனுப்ப மனம் வந்தது என்று ஒரு தரப்பு கேட்டது. பட்டியலின் கடைசி இடத்துக்குப் போன அணி எதையாவது மாற்றித்தானே ஆகவேண்டும் என்றது மறுதரப்பு.

இந்த வாக்குவாதத்தில் அறிவிப்பின் ஒரு வரி அதிகம் பேசப்படாமல் போனது. சாம்சன் சென்னைக்கு வந்தது அவருடைய பழைய தொகையான 18 கோடி ரூபாய்க்கே. ஜடேஜாவுடன் ராஜஸ்தானுக்குப் போன இங்கிலாந்து வீரர் சாம் கரனும் தம் பழைய 2.4 கோடிக்கே போனார். ஜடேஜாவின் தொகை மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.

அந்த 18 கோடியை நிர்ணயித்தது யார்? சென்னை அணிதான். 2024ஆம் ஆண்டின் இறுதியில், பெரிய ஏலத்துக்கு முன், தக்கவைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களின் பட்டியலில் ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு இணையாக ஜடேஜாவின் பெயருக்கு எதிரே அந்தத் தொகையைப் போட்டது. ஓராண்டு கழித்து அதே ஆளை வேறு அணிக்குக் கொடுத்தபோது தொகை குறைந்தது. கொடுத்த அணிக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. வாங்கிய அணிக்கு லாபம்: சாம்சனுக்கு ஒதுக்கிய 18 கோடியில் ஜடேஜா, கரன் இருவரையும் சேர்த்து 16.4 கோடிக்குள் அடக்கிவிட்டது. நான்கு கோடியை விட்டுக்கொடுத்தவர், 36 வயதில் ஊர் மாறிப் போன ஆட்டக்காரர்.

அவர் சம்மதத்துடன்தான் இது நடந்தது. ஐபிஎல் விதிப்படி ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளாமல் அவரைக் கைமாற்ற முடியாது. அது நல்ல விதி. ஆனால் விலை அதிகமுள்ள மூத்த ஆட்டக்காரர் ஒருவரைக் கைமாற்றும்போது அந்த அதிக விலையின் சுமையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஐபிஎல்லில் இன்னும் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் சுமை தனி மனிதரின் தலையில் இறங்குகிறது.

இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வரும் ஒரு லீக் உண்டு. அது வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கான என்எச்எல்.

பனி ஹாக்கிக்கும் செங்காங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பனி இல்லாவிட்டாலும் ஹாக்கி இந்தப் பேட்டைக்குப் புதிதில்லை. ஆங்கர்வேலில் உள்ள செங்காங் ஹாக்கி அரங்கில்தான் 2010ஆம் ஆண்டின் முதல் இளையர் ஒலிம்பிக்கின் ஹாக்கி ஆட்டங்கள் நடந்தன. ஆண்கள் பிரிவில் ஆஸ்திரேலியா பாகிஸ்தானை வென்று தங்கம் வாங்கியது. சிங்கப்பூர் இளையர்கள் நான்காம் இடம் வரை போனார்கள். 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் ஹாக்கியும் இதே நீலத் தரையில்தான். ஊதாப் பாதை ரயிலில் ஏறினால் தேக்காவுக்கு நேராகப் போய்விடும் இந்தப் பேட்டையில், மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்ப்பது வழக்கமான காட்சி. அவர்களில் யாரேனும் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தால், அந்த இடத்தின் மதிப்பை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தரை ஹாக்கியில் அந்த மதிப்புக்கு அண்மைய சான்று 2024 பாரிஸ் ஒலிம்பிக். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்தியாவின் தற்காப்பு வீரர் அமித் ரோகிதாசுக்கு ஆட்டத்தின் தொடக்கக் கட்டத்திலேயே சிவப்பு அட்டை காட்டப்பட்டது. நாற்பது நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேருடன் தாக்குப்பிடித்த இந்தியா, கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷின் கைவண்ணத்தால் பெனால்டி முறையில் தப்பித்தது. தடை காரணமாக ரோகிதாஸ் அரையிறுதியில் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோல்வி. எதிரணியின் பெனால்டி கார்னரின்போது பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுபவர் அவர். பந்து தொடையிலோ முழங்காலிலோ பட்டாலும் பரவாயில்லை என்று ஓடுகிற அந்த வேலை கோல் கணக்கில் ஏறாது. ஆள் இல்லாத நாளில்தான் அதன் கனம் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து, ஏழு ஆண்டுகள் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலம் மீண்டும் நடந்தபோது அதே ரோகிதாசைத் தமிழ்நாடு டிராகன்ஸ் 48 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. நெதர்லாந்தின் தற்காப்பு வீரர் யிப் யான்சனுக்கு அதே அணி 54 லட்சம் கொடுத்தது. ஏலத்திலேயே அதிக விலை போனவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு வாங்கியது. ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையே நான்கு கோடி. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு! பாரிசில் பத்து கோல் போட்டவர், பெனால்டி கார்னரைக் கோலாக்கத் தெரிந்தவர், பின்வரிசையைக் கட்டிக் காப்பவர் என்று மூன்று வேலைகளுக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது.

இந்த விலையை ஓராண்டுக்கு மட்டுமின்றி எட்டு ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பனி ஹாக்கியின் கதை அதுதான்.

2004-05 பருவம் முழுவதையும் என்எச்எல் ரத்து செய்தது. உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே சம்பளத் தகராறு; கதவடைப்பு. அதன் முடிவில் வந்ததுதான் சம்பள உச்சவரம்பு. 2005-06இல் ஓர் அணி தன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து 39 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் செலவிடக் கூடாது என்று தொடங்கிய வரம்பு, 2025-26இல் 95.5 மில்லியனாக வளர்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், கையெழுத்தான ஒப்பந்தத் தொகை உறுதியானது. ஆட்டம் சரிந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று சொல்லி அணி தன் விருப்பப்படி அதைக் குறைக்க முடியாது. வரம்பு ஒருபக்கம், உறுதி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, எட்டாண்டு ஒப்பந்தத்தோடு நிற்கும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைச் சில ஆண்டுகளில் ரசிகர்களே "சுமை" என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

சேத் ஜோன்சை அப்படித்தான் அழைத்தார்கள்.

2021 ஜூலையில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரைக் கொலம்பஸ் அணியிடமிருந்து வாங்கியது. விலையாக ஓர் இளம் ஆட்டக்காரரையும், புதிய ஆட்டக்காரர்களை எடுப்பதற்கான முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் கொடுத்தது. கையோடு எட்டாண்டுக்கு 76 மில்லியன் டாலர் ஒப்பந்தம். ஆண்டுக்கு 9.5 மில்லியன். அடுத்த ஆண்டே சிகாகோ தன் மனத்தை மாற்றிக்கொண்டது. பழைய அணியைக் கலைத்துவிட்டு இளையர்களை வைத்து அடிமட்டத்திலிருந்து கட்டப்போவதாக முடிவெடுத்தது. வெற்றி பெறுவதற்காக வாங்கிய ஆட்டக்காரர், தோற்பதைத் திட்டமாகவே வைத்துக்கொண்ட அணியில் மாட்டிக்கொண்டார். ஒவ்வோர் இரவும் எதிரணியின் மிகச் சிறந்த தாக்குதல் வரிசைக்கு எதிரே நிற்பார்; அவருக்குப் பின்னால் கோல்கள் விழும்; அத்தனை கோலும் அவர் கணக்கில் எழுதப்படும். அணி கடைசி வரிசையிலேயே கிடந்தது. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார் என்ற பேச்சு சிகாகோவில் அடங்கவே இல்லை.

2025 மார்ச் 1ஆம் தேதி அவரை புளோரிடா பேந்தர்ஸ் வாங்கியது. தம்மைக் கேட்காமல் எங்கும் அனுப்பக் கூடாது என்ற உறுதி அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. வெளியேற விரும்பியவரும் அவரே. பதிலுக்கு ஸ்பென்சர் நைட் என்ற இளம் கோல்காப்பாளரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சிகாகோ பெற்றுக்கொண்டது. இந்தப் பேரத்தில் மிக முக்கியமான அம்சம் வேறு: ஜோன்சின் சம்பளத்தில் ஆண்டுக்கு 2.5 மில்லியன் டாலரை, ஒப்பந்தம் முடியும் 2029-30 வரை, சிகாகோவே ஏற்றுக்கொள்ளும். புளோரிடாவின் வரம்பில் அவர் 7 மில்லியன்தான். ஜோன்சின் கைக்கு வரும் தொகையில் ஒரு காசும் குறையவில்லை.

அடுத்த மூன்றரை மாதத்தில் நடந்தது ஊரறிந்த கதை. ஜூன் 17ஆம் தேதி புளோரிடா எட்மன்டனை வீழ்த்தி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த வெற்றிப் பயணத்தில் அணியிலேயே அதிக நேரம் களத்தில் நின்றவர்களில் ஒருவர் சேத் ஜோன்ஸ். அதே ஆள், அதே கால்கள், அதே ஒப்பந்தம். பிப்ரவரியில் சுமை, ஜூனில் பலம். மாறியது அவரைச் சுற்றியிருந்த அணி மட்டுமே.

எரிக் கார்ல்சனின் கதை இதன் மறுபக்கம். சான் ஹோசே ஷார்க்ஸ் 2019இல் அவருக்கு எட்டாண்டுக்கு 92 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது. அணி சரிந்தது. 2022-23 பருவத்தில் கார்ல்சன் மட்டும், போட்ட கோல்களும் போட உதவிய கோல்களும் சேர்த்து, 101 புள்ளிகள் எடுத்தார். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் நூறைத் தொட்டதில்லை. அப்படி ஆடியும் அவருடைய அணி பட்டியலின் அடிவாரத்தில்தான் இருந்தது. அந்த ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவரை வாங்கியது. சம்பளத்தில் ஆண்டுக்கு 1.5 மில்லியனை ஷார்க்ஸ் வைத்துக்கொண்டது. அடுத்த இரண்டு பருவங்களிலும் பிட்ஸ்பர்க் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதிபெறவில்லை. விலை உயர்ந்த தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கினால் கோப்பை வந்துவிடும் என்று ஜோன்சின் கதையைப் படித்துவிட்டு யாரும் நினைத்துவிடக் கூடாது. முதுமை தட்டிய அணியின் ஓட்டைகளை ஓர் ஆளால் அடைக்க முடியாது.

இந்த இரண்டு பேரங்களும் விளையாட்டுக் கணக்கில் எதிரெதிர் திசையில் போனவை. ஆனால் நியாயக் கணக்கில் ஒன்றே. ஒப்பந்தத்தை எழுதிய அணி, தான் கூட்டி எழுதிய தொகையில் ஒரு பகுதியைத் தானே சுமந்தது. என்எச்எல் விதிப்படி ஓர் அணி, தான் அனுப்பும் ஆட்டக்காரரின் சம்பளத்தில் பாதி வரை வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது. வாங்கும் அணிக்கு விலை குறைகிறது, விற்கும் அணிக்குப் பாடம் கிடைக்கிறது, ஆட்டக்காரருக்கு எழுதியது எழுதியபடி கிடைக்கிறது. அறிவிப்பில் ஜடேஜாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 14ஐ இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

என்எச்எல் முறை குறையற்றது என்று சொல்ல முடியாது. சம்மதம் என்ற உறுதியை எப்படித் தட்டிக் கழிக்கலாம் என்பதற்கு அங்கேயே உதாரணம் இருக்கிறது. பி.கே. சுப்பன் மொன்ட்ரியாலின் தற்காப்பு நட்சத்திரம். பெயரைக் கேட்டுத் தமிழரோ என்று நினைப்பவர்கள் உண்டு. அவருடைய பெற்றோர் கரீபியத் தீவுகளிலிருந்து கனடாவில் குடியேறியவர்கள். 2014இல் எட்டாண்டுக்கு 72 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு மொன்ட்ரியால் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பத்து மில்லியன் டாலர் திரட்டித் தருவதாக உறுதியளித்து, அந்த ஊரோடு தம்மைப் பிணைத்துக்கொண்டார். அவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்ற பிரிவு 2016 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வரவிருந்தது. ஜூன் 29ஆம் தேதி, அதாவது இரண்டே நாள் முன்னதாக, அவரை நாஷ்வில் அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு அவரைவிட வயதில் மூத்த ஷே வெபரை வாங்கிக்கொண்டது மொன்ட்ரியால். சட்டப்படி சரி. செய்த விதம் தவறு. அடுத்த ஆண்டே சுப்பனோடு நாஷ்வில் முதல் முறையாகக் கோப்பை இறுதிக்குப் போனது. 2019இல், வரம்பில் இடம் வேண்டும் என்பதற்காக, நாஷ்வில்லும் அவரை நியூ ஜெர்சிக்குத் தள்ளிவிட்டது.

வெபரின் ஒப்பந்தம் இன்னும் விசித்திரம். 2012இல் பிலடெல்பியா அவருக்குப் பதினான்கு ஆண்டுக்கு 110 மில்லியன் டாலர் என்று ஆசை காட்டியது. கைவிட மனமில்லாத நாஷ்வில் அதே தொகையைத் தானே கொடுத்துத் தக்கவைத்தது. 2021 கோடையில் மொன்ட்ரியாலுக்காகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடியதே அவருடைய கடைசி ஆட்டம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதன் பிறகும் அவருடைய ஒப்பந்தம் மட்டும் ஊர் ஊராகப் போனது. 2022இல் லாஸ் வேகஸ், 2023இல் அரிசோனா. காயப்பட்டவர் பட்டியலில் ஒரு பெரிய தொகை இருந்தால் வரம்புக் கணக்கில் சில அணிகளுக்கு அது வசதி. மனிதர் வீட்டில் இருக்க, அவர் பெயர் எழுதிய காகிதம் வாங்கி விற்கப்பட்டது. பதினான்கு ஆண்டு ஒப்பந்தங்களுக்கு லீக் 2013இலேயே முற்றுப்புள்ளி வைத்தது. எட்டாண்டுதான் உச்சம் என்றது. 2026 செப்டம்பரில் நடப்புக்கு வரும் புதிய உடன்பாட்டில் அந்த எட்டும் ஏழாகக் குறைகிறது. அளவுக்கு மீறிய நீளம் யாருக்கும் நல்லதில்லை என்பதை அனுபவம் உணர்த்தியிருக்கிறது.

ஆனால் நீளமே இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐபிஎல்லில் பெரிய தொகைக்கு எடுக்கப்பட்டவரை ஓராண்டில் விடுவித்துவிட்டால் மீதி ஆண்டுகளுக்கு அவருக்குப் பணம் இல்லை. கொல்கத்தா அணி வெங்கடேஷ் ஐயரை 2025 பருவத்துக்கு 23.75 கோடிக்கு எடுத்தது. ஒரு பருவம் சரியாகப் போகவில்லை, விடுவித்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் பெங்களூரு அவரை 7 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில் சென்னை விடுவித்த மதீஷ பத்திரன 13 கோடியிலிருந்து 18 கோடிக்கு உயர்ந்ததும் உண்மை. ஏற்றமும் இறக்கமும் சந்தையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஏலத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கை தூக்கிய நிர்வாகத்துக்கு மட்டும் அந்த இறக்கத்தில் பங்கே இல்லை என்பது முறையா?

கோடிகளில் புரளும் ஆட்டக்காரருக்காக வருந்த வேண்டுமா என்று ஒரு கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி. ஜடேஜா 14 கோடியில் நன்றாகவே வாழ்வார். இளம் வயதில், 2008இல், ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற அணிக்குத்தான் திரும்பிப் போயிருக்கிறார். ஆனால் இதே ஜடேஜாவை 2010இல் ஒரு பருவம் முழுக்க ஐபிஎல் தடைசெய்தது. என்ன குற்றம்? ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு பேரம் பேச முயன்றார் என்பதுதான். ஆட்டக்காரர் ஒப்பந்த ஒழுங்கை மீறினால் ஓராண்டு வீட்டில் உட்கார வேண்டும். அணி தான் எழுதிய தொகையை மாற்ற நினைத்தால் ஒரு வரி அறிவிப்பு போதும். இந்தச் சாய்மானம் மேலே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்களையே அதிகம் பாதிக்கும். உச்ச நட்சத்திரமே நான்கு கோடியை விட்டுக்கொடுத்துத்தான் போக முடிகிறது என்றால், ஹாக்கி லீக்கில் சில லட்சங்களுக்கு ஆடும் கோவில்பட்டிப் பையன் எதை வைத்துப் பேரம் பேசுவான்?

சிங்கப்பூரிலும் இது அந்நியக் கதையில்லை. இங்கே பெரிய ஒப்பந்தம் என்ற தொல்லையே கிடையாது, ஏனென்றால் நீண்ட ஒப்பந்தமே அரிது. உள்ளூர்க் காற்பந்தில் ஓராண்டு, ஈராண்டுக் கையெழுத்துகள்தான் பெரும்பாலும். செங்காங்கின் பெயரைத் தாங்கிய குழு ஒன்று இருந்தது. செங்காங் மரீன், 2006இல் பாயா லேபார் பொங்கோலுடன் இணைந்து செங்காங் பொங்கோல் ஆனது. 2011இல் ஹவ்காங் யுனைடெட் என்று பெயர் மாறியது. குழுக்களே இணைவதும் மறைவதுமாக இருக்கும் லீக்கில் ஆட்டக்காரர் எதை நம்பி நிற்பார்? 2015 பருவத்தில் உட்லண்ட்ஸ் வெலிங்டனும் தஞ்சோங் பகார் யுனைடெட்டும் களமிறங்கவில்லை. ஒன்பது முறை வெற்றியாளரான வாரியர்ஸ் குழு பணப் பிரச்சினையில் சிக்கி, சம்பளத்தை உரிய நேரத்தில் கொடுக்காததற்காக 2019இல் மனிதவள அமைச்சின் குற்றச்சாட்டைச் சந்தித்து, 2020 முதல் லீக்கில் இல்லை.

1998இல் ஹனோயில் வியட்னாமுக்கு எதிராக ஒரே கோல் போட்டு சிங்கப்பூருக்கு முதல் டைகர் கிண்ணத்தை வாங்கித் தந்த ஆர். சசிகுமார் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். எஸ். சுப்பிரமணியும் தற்காப்பு ஆட்டக்காரர். இந்த மண்ணின் தமிழர்கள் பின்வரிசையில் நின்று நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த வரலாறு இருக்கிறது. இன்று செங்காங்கில் ஒரு தமிழ்ப் பெற்றோரிடம், மகன் காற்பந்திலோ ஹாக்கியிலோ முழுநேரமாக இறங்கட்டும் என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தேசிய சேவை இரண்டு ஆண்டு, அதற்குப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒரு கையெழுத்து, வேலையில் இருப்பவனுக்குச் சேரும் மத்திய சேமநிதி இவனுக்கு எத்தனை மாதம் சேரும் என்ற கவலை. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. உறுதியை எழுதிக் கொடுக்கத் தயங்கும் துறைக்கு யாரும் பிள்ளையை மனமுவந்து அனுப்ப மாட்டார்கள்.

சென்னை அணியின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். ஐந்து முறை கோப்பை வென்ற அந்த அணி 2025இல் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. தோனிக்கு அப்போது வயது 44. அடுத்த விக்கெட் காப்பாளர் யார் என்ற கேள்வியைத் தள்ளிப்போட இனி வழியில்லை. 31 வயதில், தலைமை தாங்கிய அனுபவத்தோடு சாம்சன் கிடைக்கும்போது எடுத்துக்கொள்வது விளையாட்டறிவு. ஜடேஜா 2012 முதல், அணி தடைசெய்யப்பட்ட இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, சென்னைக்கு ஆடி, மூன்று கோப்பைகளில் பங்கெடுத்து, பிராவோவின் 140 விக்கெட் சாதனையையும் தாண்டியவர். அதனாலேயே அவரை என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று வாதிட முடியாது. நட்சத்திரங்களை உணர்ச்சிக்காக வைத்துக்கொண்டு மூழ்கிய அணிகள் உலகெங்கும் உண்டு. ஆகவே அனுப்பியது தவறில்லை. அனுப்பிய கணக்கில்தான் தவறு. 18 என்று எழுதியவர்கள், 14க்கு அவரை இன்னோர் அணி எடுத்தால் மீதி நான்கைத் தாங்கள் கொடுத்து, தங்கள் ஏலத் தொகையில் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இன்றைய விதியில் இடமில்லை என்றால் விதியை மாற்ற வேண்டும்.

ஐபிஎல்லின் இப்போதைய சுழற்சி 2027 பருவத்தோடு முடிகிறது. அடுத்த பெரிய ஏலத்துக்கு முன் இந்தியக் கிரிக்கெட் வாரியம் இரண்டு மாற்றங்களைச் செய்யட்டும். கைமாற்றத்தில் தொகை குறைந்தால் வித்தியாசத்தை அனுப்பும் அணியே கட்ட வேண்டும், அது அந்த அணியின் ஏல வரம்பிலும் கழிய வேண்டும். பெரிய தொகைக்கு எடுத்தவரைச் சுழற்சி முடியுமுன் விடுவித்தால் அடுத்த ஆண்டுத் தொகையில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும். ஹாக்கி இந்தியா தன் லீக்கை இப்போதுதான் மீண்டும் கட்டி எழுப்புகிறது. அந்த விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது அதற்கு எளிது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கமும், 23 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுக்கும் குழுக்களுக்கு உதவித்தொகை தர முன்வர வேண்டும். இந்த லீக்குகளுக்குக் காசு கொடுத்து நுழைவுச்சீட்டும் சட்டையும் வாங்குபவர்கள் ரசிகர்கள். அடுத்த முறை தங்கள் அணி ஒருவரை வாங்கும்போதோ அனுப்பும்போதோ, அவர் எத்தனை ஓட்டம் எடுத்தார், எத்தனை கோலைத் தடுத்தார் என்று கேட்பதோடு, அவருக்கு எழுதிக் கொடுத்த தொகை முழுதாகக் கிடைத்ததா என்றும் கேளுங்கள்.